ஜன்னல் சட்டம்

கண்ணாடி போனது அக்டோபரில்.
மிச்சமிருந்தது சட்டம் மட்டும்:
நாலு மரத்துண்டு,
நடுவே மொன்டானாவின் காற்று.

டானெட் வுக்கோவிச் பிளாஸ்டிக் தாள் ஒட்டினாள்.
மோட்டலில் இரவெல்லாம் துண்டு மடித்துவிட்டு
அவள் வந்து படுக்கும் காலைகளில்
அது உப்பும், ஒட்டும், உப்பும்,
அறைக்குள் இன்னொருவர் தூங்குவதுபோல.

வீட்டுக்காரரிடம் மூன்று தடவை வாயால் சொன்னாள்.
நாலாம் தடவை எழுதிக் கொடுத்தாள்.
எழுத்துக்குத்தான் பதில் வந்தது,
கதவிடுக்கில் செருகிய அரைத்தாளாக:
சனிக்கிழமைக்குள் காலி செய். பூட்டை மாற்றுகிறேன்.

பேருந்தில் அவள் தலைக்கு மேலே
மாதக்கணக்காய்த் தொங்கிய அட்டையை
அன்றுதான் படித்தாள்.
வக்கீல் வைக்க வசதியில்லையா?
எண்ணை அழுத்தினாள்.
நாற்பத்தேழு நிமிடம் ஒரே பியானோ.
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
அறுபத்திரண்டு துண்டுகள் மடித்தாள்.
பிறகு ஒரு குரல். வருமானம் எவ்வளவு,
வீட்டில் எத்தனை பேர், எந்த மாவட்டம்,
எல்லாம் கேட்டு முடித்து:
இப்போது வழக்கை எடுக்க ஆளில்லை அம்மா,
வியாழன் மாலை நூலகத்துக்குப் போங்கள்,
அங்கே காசு கேட்க மாட்டார்கள்.

நூலகத்தின் கீழ்த்தளம்.
குழந்தைகள் கதை கேட்கும் குட்டி நாற்காலிகள்.
முழங்கால் மோவாயில் இடிக்க
ஏழு பேர் காத்திருந்தார்கள்.
அடுத்தவர் கையிலிருந்த காகிதத்தை
யாரும் பார்க்கவில்லை.

வக்கீல் இமோஜென் தேயருக்கு ஜலதோஷம்.
"இந்த மாநிலத்தில் எவ்வளவு காலமாக?"
"பிறந்ததிலிருந்து."
"அதற்கு ஏதாவது சான்று?"
டானெட் சிரித்துவிட்டாள்.
ஐம்பத்துமூன்று குளிர்காலம்.
ரசீது யார் கொடுத்தார்கள்?
"கரண்ட் பில் போதும்," என்றாள் வக்கீல்,
மூக்கைத் துடைத்தபடி.

ஆளுக்கு இருபது நிமிடம்.
அதில் பாதி இல்லை என்றே போனது.
வாயால் சொன்ன மூன்று தடவையும் கணக்கில் இல்லை.
கைக்காசில் வாங்கிய ஹீட்டருக்குப் பில் இல்லை.
கடிதத்துக்குப் பிரதி? இல்லை.
போனில் படமாவது?

இருந்தது.
கொஞ்சம் மங்கல். ஓரத்தில் பூனையின் வால்.
மேலே தேதி.
வக்கீல் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அவர் பூட்டை மாற்ற முடியாது.
வீடு அவருடையதுதான், ஆனாலும் முடியாது.
வெளியேறச் சொல்ல வேண்டியவர் நீதிபதி.
அதுவும் நீங்கள் பேசிய பிறகு."

டானெட் கடைசி வரியை
இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.
காது கேட்காமல் இல்லை.

சனிக்கிழமை, பத்து மணி.
வீட்டுக்காரர். அவர் பின்னால் பூட்டுக்காரன்,
சட்டைப்பையில் ஓர்வில் என்று பெயர் தைத்தவன்,
கையில் துளைக்கருவி.
வாசலில், சீருடை மாற்றாமல்,
தாளை விரித்து வாசித்தாள் அவள்.
ஒரு வரி தவறியது.
திரும்பப் போய் எடுத்துக்கொண்டாள்.
வீட்டுக்காரர் பாதியில் குறுக்கே புகுந்தார்.
"முடிக்கட்டும்," என்றான் பூட்டுக்காரன்.

முடித்தாள்.
அவன் துளைக்கருவியைப் பெட்டிக்குள் வைத்தான்.
"கோர்ட் காகிதம் வந்தால் கூப்பிடுங்கள், சார்."

ஜெயித்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான்.
விசாரணை பதினாலாம் தேதி.
பிளாஸ்டிக் இன்னும் மூச்சு விடுகிறது.
அந்த நாலு மரத்துக்கும்
நீதிபதியின் தடித்த புத்தகத்துக்கும்
என் மொழியில் ஒரே பெயர் என்பது
டானெட்டுக்குத் தெரியாது.
சட்டம் இருப்பதாலேயே குளிர் நின்றுவிடாது என்பது
என்னைவிட அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்காரரின் வண்டி முனை திரும்பியதும்
ஓர்வில் மறுபடி படியேறி வந்தான்.
பேனா மூடியைப் பல்லால் கழற்றி
உள்ளங்கையை விரித்துக்கொண்டு கேட்டான்:
"வியாழன் எத்தனை மணிக்கு?
என் அக்காவுக்கு."