இரண்டரை நொடி

தரகு வேலைதான் என்னுடையது.
அலுவலக அட்டையில் நீளமாக வேறொரு பெயர் இருக்கிறது,
டாக்சிக்காரர் கேட்டால் இப்படித்தான் சொல்வேன்.
ஒரு வீட்டில் கேள்வி முற்றிப்போய்க் கிடக்கும்.
இன்னொரு வீட்டில் படிப்பு,
பதினோரு வருடப் படிப்பு,
கேட்க ஆளில்லாமல் கிடக்கும்.
நடுவில் நான்,
நார்த் பிரிட்ஜ் சாலைக்கு மேலே ஒன்பதாம் மாடியில்
குளிரூட்டிக்குக் கீழே சால்வை போர்த்திக்கொண்டு
பொருத்தம் பார்க்கிறேன்.

பிப்ரவரியில் ஓர் அமைச்சிலிருந்து வந்தது:
உதவித்தொகை கேட்டு அழைப்பவர்கள்
ஏன் பாதியிலேயே போனை வைத்துவிடுகிறார்கள்?
நிபுணர் தேவை. ஆறு வாரம். ஒரு பக்கம்.
அனுப்பியவர் டெரிக் ஆங்,
முற்றுப்புள்ளிகளாலேயே பேசுகிற மனிதர்.

பொருளியலாளர்கள் நால்வர் உடனே கை தூக்கினார்கள்.
எனக்கு ஏனோ ஞாபகம் வந்தது
போன வருடக் கருத்தரங்கில்
பிரியாணி வாசனை அறைக்குள் வந்துவிட்ட பிறகு
வாசிக்கப்பட்ட அந்தக் கடைசிக் கட்டுரை.
முனைவர் ஹஃப்சா மரைக்காயர்.
பேச்சில் விழும் மௌனங்கள்.
கேட்டவர்கள் ஏழு பேர்,
அதில் இருவர் ஒலிபெருக்கிக்காரர்கள்.

எழுதினேன். மூன்று நாள் பதிலில்லை.
நான்காம் நாள் அவரே அழைத்தார்.
இதைக் கட்டுரையாக வெளியிட விடுவார்களா?
விடமாட்டார்கள்.
பதவி உயர்வுக்குக் கணக்கில் வருமா?
வராது.
ஒலிப்பதிவுகளைக் கேட்க விடுவார்களா, எல்லாவற்றையும்?
விடுவார்கள், பெயர்களை அழித்துவிட்டு.
வருகிறேன், என்றார்.

ஜன்னல் இல்லாத அறை.
பையும் போனும் வெளியே.
முன்னூற்றுப் பன்னிரண்டு அழைப்புகள், நான்கு மொழி,
நான்கும் தடுக்கி விழுகிற இடத்தில்
'லா' போட்டு முடிகிற ஐந்தாவது ஒன்று.
ஹஃப்சா சொற்களைக் கேட்கவில்லை.
அவை நின்றுபோகும் இடத்தில்
காதை வைத்துக் காத்திருந்தார்.

ஒரு மாலை, அறையைப் பூட்டும் நேரத்தில்,
என்னையும் கேட்கச் சொன்னார்.
தோ பாயோவோ யீஷூனோ, ஏதோ ஒரு வீடு.
பின்னால் மின்விசிறி.
"மாச வருமானம் எவ்வளவுங்க?"
மின்விசிறி.
மின்விசிறி.
பிறகு ஓர் ஆண்குரல், ரொம்ப மரியாதையாக:
"பரவால்லம்மா. சும்மாதான் கேட்டேன்."
டொக்.

ஏறக்குறைய இரண்டரை நொடி, என்றார் ஹஃப்சா.
நான்கு மொழியிலும் அதே அளவு.
முதல் கேள்வியே இதுதானே,
வாசலிலேயே சட்டைப்பையைத் தடவினால்
யார் உள்ளே வருவார்?

அறிக்கை தொண்ணூற்று நான்கு பக்கம்.
டெரிக் கேட்டது ஒன்று.
மீதி தொண்ணூற்று மூன்றையும் நான்தான் கொன்றேன்,
ஒரு சனிக்கிழமை, கோப்பிக் கடையில்,
ஆறிப்போன கோப்பி-ஓ சாட்சியாக.
ஒவ்வோர் அடிக்குறிப்புக்கும் ஹஃப்சா வழக்காடினார்.
'ஏறக்குறைய'வை மட்டும் தொடக்கூடாது என்றார்.
டெரிக் அதை அடித்தார்.
நான் திரும்ப எழுதினேன்.
அவர் திரும்ப அடித்தார்.
கடைசியில் அது
அடைப்புக்குறிக்குள் உயிர் பிழைத்தது.

ஜூலையில் மாறியது ஒன்றே ஒன்று:
வருமானம் முதல் கேள்வியிலிருந்து நான்காவதற்கு இறங்கியது.
எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.
அதற்குப் பிறகு எத்தனை பேர்
கடைசிவரை பேசினார்கள் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை. அது என் கோப்பில்லை.

புதுக் கேள்வி ஒன்று வந்திருக்கிறது,
புளோக்குக்குக் கீழே போட்ட புது இருக்கைகளில்
ஏன் ஒருவரும் உட்கார்வதில்லை என்று.
அதைச் சொல்லத்தான் ஹஃப்சாவை அழைத்தேன்.
சொல்வதற்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது:
பல்கலைக்கழகத்தில் ஒப்பந்தத்தை நீட்டித்தார்களா?

எதிர்முனையில் மௌனம்.
எண்ணக் கற்றுக்கொண்டுவிட்டேன், என்ன செய்ய.

"பரவாயில்லை" என்றார்.

நான்காவதாகக் கேட்டிருக்க வேண்டியது.
போனை வைத்துவிடுவதற்குள்
அவசரமாக, முதலிலிருந்து, மறுபடி ஆரம்பித்தேன்:
சாப்பிட்டாச்சா?