பதினோராவது நரம்பு

வெள்ளிக்கிழமை மாலை ஆறு முப்பத்தொன்றுக்கு
நந்தி மலைக்குப் பின்னால் சூரியன் விழும்.
எங்கள் விடுதியில் புத்தகங்கள் மூடப்படும்.
ஓய்வுநாள்.
உடற்கூற்றியல் மேல் செலகத்
தன் ஈரத் துவாலையைப் போர்த்திவிடுவாள்,
கண்ணில் பட்டால் கைவைத்துவிடுவோம் என்று.

ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தேர்வு.
இதைக் கடவுளிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

கண்ணுக்கு எட்டிய மட்டும் தேயிலை.
நடுவில் எங்கள் பல்கலைக்கழகம்.
உள்ளே தேநீர் கிடையாது.
நரம்பைத் தூண்டுமாம்: விதிப்புத்தகம், பக்கம் பத்தொன்பது.
காற்று மட்டும் வேலி தாண்டி வரும்,
ஆலையில் இலை வாடும் மணத்தோடு.
அவித்த பீன்ஸைப் பிசைந்தபடி
ஆழமாக மூச்சிழுப்போம்.

முதலாண்டுக் கட்டணத்துக்கு
கிசியில் அப்பா இரண்டு பசுக்களை விற்றார்.
இரண்டாம் ஆண்டுக்கு வாழைத்தோப்பின் கீழ்ப்பாதி.
மூன்றாம் ஆண்டைப் பற்றி ஃபோனில் பேசுவதில்லை.
மழையைப் பற்றிப் பேசுவோம்.

ஓய்வுநாளில் படிப்பது பாவம்.
படுக்கைப்புண்ணைக் கழுவலாம், அது இரக்கத்தின் வேலை.
இரவுப் பணிக்கு நானே பெயர் கொடுத்தேன்,
இரக்கத்தால் அல்ல.
வார்டுச் சுவரில்
மண்டை நரம்புகளின் படம் தொங்குகிறது.
தற்செயலாகப் பார்ப்பது படிப்பாகுமா என்று
பக்கம் பத்தொன்பதிலும் இல்லை, இருபதிலும் இல்லை.

ஏழாம் படுக்கை. தப்லெலே. தேயிலை பறிப்பவள்.
நிமோனியா, நான்காம் நாள்.
அவளுக்கு நந்தி மொழி மட்டும்.
என் எகேகூசியும் சுவாஹிலியும் ஆங்கிலமும்
அவளிடம் செல்லாக் காசு.
சட்டையை அவிழ்த்து முதுகைத் துடைத்தேன்.
இரு தோளிலும் கூடைவார் அழுத்திய தடம்,
என் விரல் அப்படியே உட்கார்ந்துகொள்ளும் பள்ளம்.
குறிப்பேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

மூன்று மணிக்கு ஆக்ஸிஜன் எண்பத்தாறு.
சிலிண்டரைத் திறந்து, தலைமாட்டை உயர்த்தி,
மருத்துவருக்கு ஆள் அனுப்பினேன்.
அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
கண்ணை இறுக மூடிக் காட்டினாள்,
என் வாயைச் சுட்டினாள்.

ஜெபம்.

சபை மூப்பரின் மகள் நான்,
பால்பல் விழுமுன் பரமண்டலத்தை ஒப்பித்தவள்.
ஒரு வரி வரவில்லை.
கண்ணை மூடினால் சுவரில் தொங்கிய படம்.

ஒல்ஃபேக்டரி, என்றேன்.
ஆப்டிக். ஆக்குலோமோட்டார்.
எங்கள் போதகரைப் போலக் குரலைத் தாழ்த்தினேன்.
ட்ராக்லியர். ட்ரைஜெமினல். அப்டுசென்ஸ்.
ஒவ்வொன்றுக்கும் அவள் உதடு அசைந்தது,
அவளுக்கு வேண்டியவர்களைக் கூப்பிடுவதுபோல.
பத்தாவது, வேகஸ்:
கழுத்தில் இறங்கி, இதயத்தைத் தட்டி,
குடல்வரை அலையும் நாடோடி.
அங்கே அவள் பிடி விட்டது.

விரல்மானியைப் பார்த்தேன்.
தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றிரண்டு.
தூக்கம்தான்.
ஆமென், என்றேன். வேறெப்படி முடிப்பது?

விடிந்ததும் மகள் ஃபிளாஸ்கோடு வந்தாள்.
மூடியில் ஊற்றி எனக்கும் நீட்டினாள்.
குடித்தேன்.
வெள்ளைச் சீருடையில், ஓய்வுநாளில்,
பாலும் மூன்று கரண்டி சர்க்கரையுமாக.
தப்லெலே ஏதோ முனகினாள்.
மகள் சுவாஹிலியில் சொன்னாள்:
"உன் ஜெபத்தில் நிறையப் பேர் வந்தார்களாம்.
அத்தனை பேரும் உன் சொந்தமா என்று கேட்கிறாள்."

தலைக்குள் இருப்பவர்கள், என்றேன்.
அதை அவள் எப்படி மொழிபெயர்த்தாளோ,
தாய் மறுபடி கண்ணை மூடி
என் பக்கம் தலையசைத்தாள்.

ஞாயிறு. ஒன்பதாம் கேள்வி.
பத்து நரம்புகள் தாமாக வந்தன.
பதினொன்றில் பேனா நின்றது.
தோளைத் தூக்குவது அதுதான், தெரியும்.
தூக்கிப் பார்த்தேன்.
இரவெல்லாம் ஆளைப் புரட்டியதில் வலித்தது.
பெயர் வரவில்லை.
இடம் விட்டுப் பன்னிரண்டுக்குப் போனேன், நாக்குக்கு.

விடைத்தாள் திரும்பி வந்தபோது
பன்னிரண்டுக்குப் பதினொன்று.
ஓரத்தில், சிவப்பு மையில், மிஸ்டர் ஓம்வோயோ:
இவ்வளவு எளியதை விட்டது எப்படி?
கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்,
நான் பதில் எழுதுவேன் என்பதுபோல.

அன்றிரவு விளக்கை அணைத்தபின்
செலகத்தை எழுப்பிக் கேட்டேன்,
நந்தியில் தோளுக்கு என்ன சொல்வீர்கள் என்று.