நாற்பத்தாறாம் இலக்கம்

வீடு விற்பவன் அல்லன் நான்.
விற்பவர்களுக்குப் பலகை நடுபவன்.
ஒரு வேன், ஓர் அலவாங்கு, பத்து இறாத்தல் சுத்தியல்,
பின்னால் அடுக்கிய மரக்கால்கள்.

லண்டனின் தெற்கே மிச்சம் என்று ஓர் ஊர்.
பெயரைக் கேட்டுச் சிரித்தவர்கள்தான்
இப்போது மிச்சமில்லாமல் கடன் எடுத்து அங்கே குடியிருக்கிறார்கள்.
அந்த ஊர் வேலியோர மண் எனக்குக் கையால் தெரியும்:
எங்கே களி, எங்கே பழைய செங்கல்,
எங்கே எரிவாயுக் குழாய் மேலாக ஓடுகிறது.

ஜூன் மாதத்தில் வேறொரு வேலை வரும்.
பள்ளிக்கூடக் கோடைச் சந்தைக்கு
முகவர் காசு கொடுப்பார். பதிலுக்குத் தெருவெங்கும் பலகை.
மேலே பெரிதாய் அவர் பெயர்,
கீழே சின்னதாய்
சனி, பகல் பன்னிரண்டு, துள்ளுகோட்டை, கேக், அதிர்ஷ்டச் சீட்டு.
தூரத்தில் பார்த்தால் விற்பனைப் பலகையேதான்.
அதுதானே அவர் கணக்கு.

பெல்ரோஸ் வீதியில் வியாழன் காலை பன்னிரண்டு நட்டேன்.
நாற்பத்தாறில் நிரோஜினி.
மகன் மூன்றாம் வகுப்பாம். ரீச்சர் கேட்டாவாம், ஓம் என்றுவிட்டாராம்.
ரோசாவுக்கு அடிபடாமல் நடச் சொன்னார்.
அடிபடாமல் நட்டேன்.

மாலைக்குள் மூன்று பேர் கதவைத் தட்டினார்கள்.
எதிர்வீட்டு பெரில்: "எங்கே போகப் போகிறாய், கண்ணே?"
நாற்பத்தெட்டு அடெயெமி: "ஒரு சொல் சொல்லியிருக்கலாமே,
என் மைத்துனன் ஒரு வருடமாகத் தேடுகிறான்."
மூன்றாமவர் ஒன்றும் கேட்காமல்
பின்னால் இரண்டடி வைத்துக் கூரையைப் பார்த்தார்.

முதல் இருவரிடமும், பள்ளிக்கூடச் சந்தைக்கு என்று விளக்கினாராம்.
மூன்றாமவரிடம் வாய் தன்பாட்டில் சொன்னதாம்:
"இன்னும் முடிவெடுக்கேல்லை."

சனிக்கிழமை வெயில். நானும் போனேன்,
பலகை நட்டவனுக்கு பர்கர் இலவசம்.
துள்ளுகோட்டையின் ஒரு கோபுரம் காற்றிறங்கிச் சாய்ந்திருந்தது.
நாற்பத்தாறின் விலை மைதானத்தைச் சுற்றி வந்தது.
கேக் மேசையில் ஐந்து எண்பது.
பழைய புத்தகத்தடியில் ஆறு இருபது,
பின்பக்கம் நீட்டிக் கட்டியிருக்கிறார்களாம்.
முகத்தில் புலி வரையும் வரிசையில்
ஆறு எழுபத்தைந்து, முழுக்க ரொக்கமாம்,
வாங்கியவர் உள்ளே வந்துகூடப் பார்க்கவில்லையாம்.
தேநீர்க் கொதிகலனடியில் அவர் காதுக்கே வந்து சேர்ந்தது:
"ஏழாம்! சிலருக்குத்தான் யோகம்."
நிரோஜினி கோப்பையை நீட்டி,
சீனி வேண்டாம் என்றார்.

அன்றிரவு
தெருவின் மறுகரையில் நின்று
வாங்க வந்தவள்போல் தன் வீட்டைப் பார்த்தாராம்.
கதவு இவ்வளவு ஒடுக்கமா.
மாடி ஜன்னலில் பிரதாபன், கைபேசியின் நீல வெளிச்சத்தில்.
பதினொரு வருடத்தில் அவரை வெளியே நின்று பார்த்தது
அன்றைக்குத்தானாம்.
பார்வையிட வருபவர்கள் சுவரைத் தட்டிக் கேட்பார்களே,
இது பாரம் தாங்குகிற சுவரா, எடுத்துவிடலாமா,
அதைத்தான் தானும் கேட்டுக்கொண்டு நின்றாராம்.

இதையெல்லாம் எனக்கு ஏன் சொன்னார் தெரியவில்லை.
திங்கள் காலை, பலகையைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.
காய்ந்த களி. ஆட்டி ஆட்டித்தான் கால் வந்தது.
குனிந்து குழியைப் பார்த்தார்.
"இது மூட எவ்வளவு நாள் எடுக்கும்?"
"மழை பெய்தால் ரெண்டு கிழமை."
"பெய்யாட்டி?"
"இப்படியே கிடக்கும். அடுத்த பலகைக்குச் சுகம்."

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்தேன்.
அவர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை.
"உங்களிட்ட கார்ட் இருக்கா?"

நான் முகவர் இல்லை, எனக்கேது கார்ட்.
பிடுங்கிய பலகையைத் திருப்பி, அடியிலிருந்த
தொலைபேசி இலக்கத்தை வாசித்தேன்.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தார்.
கடைசி இரண்டு எண்களுக்கு முன் பேனை நின்றது.
மை முடிந்ததா, அவர் நிறுத்தினாரா,
பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு நேரமில்லை.
தெருவில் இன்னும் பதினொரு பலகை.