நட்டவை: நானூறு

ஜேக்கப்ஸில், கால்வாய்ப் பக்கத்து வாசலில்,
நீர்மானிக்கு ஒரு சின்ன இரும்புக் கதவு உண்டு.
மாதக் கடைசி வெள்ளியன்று அதைத் திறந்து
முழங்காலிட்டு எண்ணைப் படிப்பது என் வேலை.
நொக்வாண்டா டார்ச் பிடிப்பாள்.
கண்ணாடிக்கு உள்ளே பல்லி முட்டை,
முட்டைக்கு அப்பால் ஆறு இலக்கம்.

உலகில் எங்களுக்கு முப்பத்தொரு ஆலைகள்.
நாங்கள் பதினேழு.
கார் இருக்கைக்கு நுரை ஊற்றுகிறோம்,
எந்த நாட்டிலோ யாரோ ஒருவர்
நெரிசலில் சிக்கிச் சாய்ந்து உட்கார.

தலைமையகம் அட்டவணை அனுப்பும்.
இலக்கை எட்டினால் கட்டம் பச்சை,
எட்டாவிட்டால் மஞ்சள், பிறகு சிவப்பு.
எண்ணை நான் இடுகிறேன்.
நிறத்தை அது இட்டுக்கொள்கிறது.

இந்த ஆண்டு தண்ணீர்: இருபத்தாறு சதவீதம் குறைவு.
பச்சை.
வெள்ளத்தில் பெருங்குழாய் அறுந்து
பத்தொன்பது நாள் ஊரே வாளியோடு நின்றதே,
அந்தப் பத்தொன்பது நாளும் இதற்குள்தான் இருக்கிறது.
மெர்பேங்கில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி
இரவு பதினொன்றுக்கு வரும்.
நைட்டியோடு, மழைக்கோட்டோடு,
கல்யாணத்துக்குப் போய்வந்த ஒருவர் கோட்டு சூட்டோடு
வரிசையில் நின்றோம்.
சேமித்துக்கொண்டிருக்கிறோம் என்று
எங்களுக்கு அப்போது தெரியாது.

மின்சாரம்: பதினான்கு குறைவு. பச்சை.
நேரம் அறிவித்து வெட்டிய மின்சாரம்,
நாளுக்கு நான்கு மணி, சில நாள் ஆறு.
அந்நேரமெல்லாம் பின்கட்டில் ஜெனரேட்டர் உறுமும்,
நொக்வாண்டா சொல்வதை நான் உதட்டைப் பார்த்துப் படிப்பேன்.
டீசலுக்கு வேறு தாள்.
வேறு ஊரில் வேறு ஆள் அதைத் திறப்பாராம்.

மரங்கள்: நானூறு.
அந்தச் சனிக்கிழமை நினைவிருக்கிறது.
எல்லாருக்கும் ஒரே அளவில் பச்சைச் சட்டை, எனக்கு முட்டிவரை.
இயக்குநர் டெஸ்மண்ட் ஃபூரி கையுறை மாட்டி
மூன்று கன்று நட்டார்,
படம் எடுத்து முடியும்வரை குனிந்தே இருந்தார்.
மீதியை நட்டது நாங்களும் தோட்ட வேலை பெக்கானியும்.
'இது கால்வாயின் இடம், மேலே நடுவோம்' என்றார் பெக்கானி.
மேலே கார் நிறுத்துமிடம்.

ஏப்ரலில் கால்வாய் கரையை எடுத்துக்கொண்டு போனது.
சேறு காய்ந்ததும் நடந்து எண்ணினேன்.
நம்பாமல் திரும்பி வந்து எண்ணினேன்.
பதினொன்று.
அதில் ஒன்று சாய்ந்து,
கிளையில் எங்கள் மஞ்சள் நுரைத்துண்டு மாட்டி.

நிரலின் தலைப்பு 'நட்டவை'.
'நிற்பவை' என்று ஒரு நிரல் இல்லை.
நட்டது நட்டதுதான். நானூறு என்பது பொய்யில்லை.
பச்சை.

ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம்.
ஐம்பத்தைந்து எழுத்துக்கு மேல் ஏற்காது.
ஏழு ஆண்டாய் அதில் நான் எழுதியது 'இல்லை' மட்டும்.
இம்முறை எழுதினேன்:
'தண்ணீர் வரவில்லை. மின்சாரம் வரவில்லை. டீசல் தனி. மரம் பதினொன்று. அதில் ஒன்று சாய்ந்'

திங்களன்று பதில் வந்தது, கனிவாகவே.
'அன்புள்ள லோஷ்னி, முன்னேற்றத்துக்கு வாழ்த்துகள்.
குறிப்பு பாதியில் நிற்கிறது.
முடித்து அனுப்பவும், அல்லது நீக்கவும்.'

மதிய இடைவேளையில் மூன்று பேரும் கரைக்குப் போனோம்.
பெக்கானி உடைந்த குழாய்த் துண்டை ஊன்றினார்,
பொதி கட்டும் நாடாவால் நான் கட்டினேன்,
நொக்வாண்டா நுரையைப் பிய்த்துப் பையில் போட்டாள்.
ஒரு மணிக்குச் சங்கு ஊதியது.

கை கழுவாமல் மேசைக்கு வந்து
கட்டத்தைத் திறந்து வைத்திருக்கிறேன்.
சாய்ந்தது என்று முடிப்பதா,
சாய்ந்திருந்தது என்பதா,
சாய்ந்தும் என்று தொடங்கி
இன்னும் கொஞ்சம் இடம் கேட்பதா.