இரண்டுக்குக் குறைந்தால்

திரியெஸ்தே நகராட்சிப் படக் காப்பகத்தில்
எனக்கு நான்கு மாத ஒப்பந்தம்.
நாற்பத்தோராயிரம் பழைய புகைப்படங்கள்.
யார் வேண்டுமானாலும் குறிச்சொல் போடலாம் என்று
ஆறு வருடம் முன்பு திறந்துவிட்டார்கள்.
பிறகு ஊர்வாய்க்கு உலைமூடி தேடி
என்னைப் பிடித்தார்கள்.

முதல் நாள் ஒந்தினா ஒரு தாள் நீட்டினார்.
ஒரே பொருள் தருபவற்றை ஒன்றாக்கு.
பிழையைத் திருத்து.
இரண்டுக்குக் குறைவாக வந்ததை அழி.
"தயக்கம் வந்தால் மூன்றாவதைப் பார்."
அவர் தயங்கி நான் பார்த்ததே இல்லை.

வெளியே போரா.
மழையோடு வந்தால் இருண்ட போரா,
வெயிலோடு வந்தால் தெளிந்த போரா என்று
காற்றையே இரண்டு தட்டில் பிரித்து வைக்கும் ஊர்.
குடையோடு மல்லுக்கு நிற்கும் பாதிரியார் படத்துக்குப்
பதினாறு குறிச்சொற்கள்:
போரா, பொரா, இருண்டது, தெளிந்தது,
ஆண்டவரும் கைவிட்டார்...
இருண்டதா தெளிந்ததா என்று
கறுப்பு வெள்ளையில் நான் எப்படித் தீர்ப்பது?

கப்பல் துறை மேடைக்கு
இத்தாலியர்கள் மோலோ என்று போட்டிருந்தார்கள்,
மலைமேல் ஊர்களின் ஸ்லோவேனியர்கள் பொமோல்.
யாரோ: அப்பா தூண்டில் போடும் இடம்.
யாரோ: இங்கேதான் சொன்னாள்.
என்ன சொன்னாள் என்பதற்குக் குறிச்சொல் இல்லை.
ஒன்றாக்கு என்கிறது தாள்.
எதை எதனோடு?
பெயர் வைத்தவர்களுக்கெல்லாம் காரணம் இருந்தது.
எனக்குத்தான் அத்தனையும் இடுகுறி.

கடற்காகம்47 என்று ஒருவர்
இருநூற்றுப் பன்னிரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களில்
நீலம் என்று மட்டும் போட்டிருந்தார்.
குறும்பு என்று அழிக்கப் போனேன்.
பதினைந்தாவது படத்தில்தான் கண்ணில் பட்டது,
எல்லாவற்றிலும் ஏதோ ஒரு மூலையில்
அதே படகு.

மூன்றாம் மாதம், அழிக்கும் வாரம்.
ஒருமுறை மட்டுமே வந்தவை ஒன்பதாயிரம்.
இது மாமாவின் தொப்பி இல்லை.
தபால்காரர், நல்லவர்.
இவன் பொய் சொன்னான்.
நாளை பார்க்க.
ஒவ்வொன்றாக அழித்தால் விரல் வலிக்கிறது.
மொத்தமாக அழித்தால் வலிக்கவே இல்லை,
அது இன்னும் மோசம்.

அதில் ஒன்று:
அடுப்பை அணைத்தேனா.

படம் 1955. ஆஸ்திரேலியா போகும் கப்பல்.
ஏணிப்படி முழுக்கக் கூட்டம், முகமெல்லாம் மேலே.
நடுவில் ஒரு பெண் மட்டும்
கழுத்தைத் திருப்பி ஊரைப் பார்க்கிறாள்.
காப்பக அட்டவணை சொல்வது:
குடிபெயர்வோர், துறைமுகம், பெயர் தெரியாது.
தப்பில்லை.
ஆனால் அந்தக் கழுத்தை
ஒருவர்தான் படித்திருக்கிறார்.

போட்டவர் பெயர் நிவெஸ்_மேல்மாடி.
இந்த ஒன்றைத் தவிர
வேறெந்தப் படத்துக்கும் எதுவும் போட்டதில்லை.

ஒந்தினா காபிக்குப் போயிருந்தார்.
நான் புதுக் கணக்கு ஒன்று தொடங்கினேன்.
1962, ஒப்பிச்சினா டிராம்:
ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக
நின்றுவிட்ட ஆளைத் தேடிப் பிடித்து
அதே இரண்டு சொல்லைப் போட்டேன்.
எண்ணிக்கை: இரண்டு.
விதியை நான் மீறவில்லை.

இப்போது மொன்ஃபால்கோனே கப்பல் தளத்தில்
உதிரிப் பாகங்களுக்கு எண் ஒட்டுகிறேன்.
பாகத்துக்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு பாகம்.
யாரும் தகராறுக்கு வருவதில்லை.

நேற்று இரவு தூக்கம் பிடிக்காமல்
போய்ப் பார்த்தேன். முப்பத்தேழு படங்கள்.
கேமராவைப் பார்க்காத மணமகள்.
பேச்சின் நடுவே நின்றுபோன மேயர்.
பரீட்சை எழுதும் பையன்,
அவனுக்கு என்ன அடுப்பு?
யாரோ ஒரு நாய்க்கும் போட்டிருக்கிறார்கள்.
துறை மேடையில் பாதி தூரம் போய்
திரும்பிப் பார்க்கும் நாய்.

பழைய வேலைப் புத்தி. பிழையைத் திருத்து.
பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி
அந்த நாயின் காதைப் பார்த்தேன்.

பிழை இல்லை.