அடகுக்கடைத் தராசு

ஓசூர்க்காரர் கிராமில் எழுதி அனுப்பச் சொல்லிவிட்டார்.
எங்கள் ராகி பிஸ்கட்டோ டம்ளரில் பிறந்தது:
மூன்று டம்ளர் மாவு, ஒன்று குறைய வெல்லம்,
நெய் கை சொன்னபடி.

தேன்கனிக்கோட்டையில் தராசுக்கு எங்கே போவது?
அடகுக்கடை ஷட்டர் இறங்கும் நேரம்
பத்து நிமிஷம் தந்தார்கள்.
மூக்குத்தி உட்காரும் தட்டில்
வாய் நசுங்கிய வெறும் டம்ளரை வைத்து
சைபர் ஆக்கினோம்.

சலித்த மாவு: நூற்று நான்கு.
கெம்பம்மா டம்ளரைத் தரையில்
ரெண்டு தட்டு தட்டினாள்.
மாவு ஒரு விரற்கடை இறங்கிற்று.
மேலே இன்னொரு பிடி.
நூற்று முப்பத்தொன்று.
"இதுல எது சரி?" என்றாள் நாகவேணி, பேனாவோடு.

அரைக்காத ராகி நூற்று அறுபதில் நின்றது.
பொரி இருபதைக்கூடத் தொடவில்லை.
அதே டம்ளர்தான், அதே நசுங்கல்.

கடன் கொடுக்கும்போது சலித்து அளப்பவள்,
திரும்ப வாங்கும்போது தட்டி அளப்பவள்
யாரென்று எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும்.
யாரும் கெம்பம்மாவைப் பார்க்கவில்லை.

அவள் சிவப்பு எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"கிராம் எனக்குப் புதுசா?
போன ஆடியில இந்தத் தட்டுலதான்
என் கம்மல் மூணே முக்கால்னு காட்டுச்சு.
அதையும் தட்டிப் பார்த்தேன்.
ஏறல."

கடைக்காரர் விளக்கை அணைக்கக் காத்திருந்தார்.
நாகவேணி எழுதினாள்:
மாவு, டம்ளர் ஒன்றுக்கு 104.
அடைப்புக்குள்: தட்டக் கூடாது.

தராசில் சிந்திய மாவை
கெம்பம்மா முந்தானையால் துடைத்தாள்.
எண் சைபருக்குத் திரும்பும்வரை
கையை எடுக்கவில்லை.