படுக்க வைக்காதீங்க

"மொதல்ல ஒயரைப் புடுங்குங்க சார்"
என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார் பிச்சாண்டி.
வணக்கம் அப்புறம்.
நேற்று ராத்திரியே பிடுங்கியாகிவிட்டது என்றேன்.
ஃப்ரீசர் விடியும்வரை சொட்டிக்கொண்டிருந்தது.
கோமளாவின் பழைய நைட்டியை விரித்துப்போட்டு
மூன்று முறை பிழிந்தேன்.

உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்தது.
பாதி மாவு, சாம்பார் என்று நம்பியிருந்த ரசம்,
யார் கல்யாணத்திலோ கொடுத்த மருதாணிக் கோன்,
முட்டைக் குழி ஒன்றில் ஒரு பேட்டரி.
என் இன்சுலின் பேனா மட்டும்
துணி சுற்றிக்கொண்டு
ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்குக்குக் குடிபோனது.

கண்ணாடித் தட்டுகளை பேப்பரில் சுற்றினோம்.
கதவுக்கு டேப்பா கயிறா என்று ஒரு வழக்கு.
டேப் பெயின்ட்டை உரித்துவிடும், இது பிச்சாண்டி கட்சி.
கயிறு வழுக்கும், இது இருதயராஜ் கட்சி.
கடைசியில் ஒரு சின்னாளப்பட்டிச் சேலை ஜெயித்தது.

"என்ன ஆனாலும் படுக்க வைக்கக் கூடாது.
சாய்க்கலாம், இவ்ளோதான்."
ஒரு மணி அடிக்கும்போது சின்ன முள் நிற்குமே,
அவ்வளவு சரித்துக் காட்டினார் உள்ளங்கையை.
"படுத்தா ஆயில் பைப்புல ஏறிடும்.
அப்பால எந்திரிக்காது."

நானும் கோமளாவும்
ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஒரு தடவை படுத்திருக்கிறது இது.
அந்த டிசம்பரில், இதே முடிச்சூர் வீட்டில்,
ராத்திரி இரண்டு மணிக்கு,
யாரும் தூக்காமல், யாரும் சரிவு பார்க்காமல்
தானே கிளம்பித் தானே மல்லாந்தது.
அடையாறு சமையலறைவரை வந்திருந்தது.
மாடிப்படியில் நின்று டார்ச் அடித்தோம்.
வெள்ளையாக ஹாலுக்குள் திரும்பி
சோபாவை ஓர் இடி, டிவி ஸ்டாண்டை ஓர் இடி,
பிறகு வாசல் நிலையில் சிக்கிக்கொண்டு
இரண்டு நாள்
டொக் டொக்கென்று தட்டியது,
உள்ளேயிருந்து.

எதிர்வீட்டு சபூராம்மாவின் கோழி
அதன்மேல் உட்கார்ந்திருந்தது. பொய்யில்லை.

தூக்கிப் போடுங்க என்றார் மெக்கானிக்.
கோமளா போடவில்லை.
சேறு கழுவி, வெயிலில் நிறுத்தி,
மோட்டார் மாற்றி, கடன் வாங்கி.
கதவு ரப்பரில் இன்னும் ஒரு காவிக் கோடு இருக்கிறது,
எது தேய்த்தாலும் போகாது.

இதையெல்லாம் பிச்சாண்டியிடம் சொல்லவில்லை.
தொழில் தெரிந்தவரிடம் எதற்கு.

குட்டி யானையில் நிற்க வைத்தே கட்டினோம்.
தாம்பரம் பாலம் ஏறும்போது
அதன் இடுப்பைப் பிடித்தபடி நான் பின்னால் நின்றேன்.
ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றுக்கும்
"பாத்து" என்றேன்.
டிரைவருக்குக் கேட்டிருக்காது.

சேலையூர். மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை.
மூன்றாவது மாடி என்பதற்காகவே எடுத்த வீடு,
லிஃப்ட் இல்லாததால் கட்டுப்படியான வாடகை.
பாரமெல்லாம் கீழே நிற்கிறவனுக்கு,
மேலே நிற்கிறவன் கண்ணாக இருக்க வேண்டும்.
இருதயராஜ் கீழே. அவன் முகம் தெரியவில்லை,
மூச்சு மட்டும் படிப்படியாக ஏறி வந்தது.
இரண்டாவது திருப்பத்தில் மாட்டியது.
ஸ்க்ரூ டிரைவர் வாங்கிக் கைப்பிடியைக் கழற்றி,
ஒரு விரல் இடைவெளி கிடைத்து,
சுவரில் ஒரு கீறல் (அட்வான்ஸில் கழிப்பார்கள்),
வந்துவிட்டது.

சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வைத்தார்கள்.
"இப்ப சுச்சு போடாதீங்க. நாலு மணி நேரமாவது
சும்மா நிக்கட்டும்."
டீ குடித்தார்கள். பேசியதற்கு மேல் முந்நூறு கேட்டார்கள்.
கொடுத்தேன்.

சாயங்காலம் தூறல் பிடித்தது.
ஃபிளாஸ்க்கில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது,
கடையில் போய் வாங்கி வந்தேன்.
கோமளா ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரை
ஃப்ரிட்ஜ் தலைமேல் வைத்து,
எந்தப் பக்கம் சாய்கிறது என்று
ஸ்டூல்மேல் ஏறிப் பார்த்தாள்.
முன்கால் ஒன்றைக் கால் திருகு திருகினேன்.
"இப்போ?"
பதில் இல்லை.
வெளியே மழை வலுத்தது.
விளிம்பில் நின்ற தண்ணீரையே
ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள்,
எடுத்து
மடக்மடக்கென்று குடித்துவிட்டாள்.